தம்பியிடம் ட்ரோன் கேட்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கு

ஜெர்மனியில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் விழாக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விழா தேதி முடிவானதும் உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. "யாரிடமாவது ட்ரோன் இருக்கா? மேலே இருந்து ரெண்டு ஷாட் கிடைச்சா நல்லா இருக்கும்." கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் கை தூக்குவார். பெரும்பாலும் அது மாஸ்டர்ஸ் படிக்கவோ முதல் வேலைக்கோ சமீபத்தில் வந்த ஒரு தம்பியாக இருப்பார். பகுதி நேர வேலையில் மிச்சம் பிடித்து வாங்கிய சிறிய ட்ரோன், அதை நாலு பேர் பார்க்கப் பறக்கவிடும் ஆசை, பெரியவர்கள் கேட்கும்போது மறுக்கத் தெரியாத வயது. நாலைந்து கட்டைவிரல்கள் வரிசையாக விழும். அதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் தம்பியின் பாடு.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ட்ரோன் காட்சி சங்கத்துக்கு வேண்டும் என்றால் பதிவும் காப்பீடும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். அதற்கு மனமில்லை என்றால் ட்ரோன் கேட்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டுச் சட்டம் ட்ரோனைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. வான்வழிப் போக்குவரத்துச் சட்டம் அதை ஒரு விமானத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, பறக்கும் பொருள் விழுந்து ஒருவருக்குக் காயமோ ஒரு பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால், அதை வைத்திருப்பவர் இழப்பீடு தர வேண்டும். அவர் மீது தவறு இருந்ததா என்ற கேள்வியே அங்கே எழாது. திடீரென்று காற்று அடித்தது, மோட்டார் நின்றுவிட்டது, பறவை வந்து மோதியது என்று எந்தக் காரணமும் செல்லாது. இந்தப் பொறுப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 7,50,000 கணக்கு அலகுகள். பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கில் வரும் அலகு அது. யூரோவில் ஏறக்குறைய ஒன்பது லட்சம். கவனக்குறைவு என்று நிரூபணமாகிவிட்டால் பொதுவான உரிமையியல் சட்டமும் சேர்ந்துகொள்ளும், அங்கே இந்த வரம்பும் கிடையாது. மாதக் கடைசியில் வாடகைக்கே கணக்குப் பார்க்கும் ஒரு மாணவன் தலையில் இதைத்தான் நாம் சிரித்துக்கொண்டே ஏற்றி வைக்கிறோம்.

அதனால்தான் அதே சட்டத்தின் 43ஆம் பிரிவு காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எடை வரம்பு எதுவும் இல்லை. இங்கேதான் நம் ஆட்கள் பலர் இடறுகிறார்கள். "249 கிராம்தானே அண்ணா, இதுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்பதை எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி 20 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரோன்களுக்குத்தான் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. அதற்குக் கீழே என்ன செய்வது என்பதை அந்தந்த நாடுகளிடமே விட்டுவிட்டது. வேறொரு நாட்டில் இருந்துகொண்டு யாரோ போட்ட யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே பறக்கவிட்டால் கணக்கு தப்பும். பக்கத்திலிருக்கும் சுவிட்சர்லாந்தில் 250 கிராமிலிருந்துதான் காப்பீடு கட்டாயம், தொகை குறைந்தது 10 லட்சம் ஃப்ராங்க். ஜெர்மனியில் முதல் கிராமிலிருந்தே கட்டாயம். சூரிச்சில் இருக்கும் மச்சான் சொன்னதை ஸ்டுட்கார்ட்டில் வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

"எல்லாரிடமும்தான் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் (பொறுப்புக் காப்பீடு) இருக்கே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எல்லாரிடமும் இல்லை. புதிதாக வரும் மாணவர்கள் மருத்துவக் காப்பீட்டோடு வருகிறார்கள், ஏனென்றால் அது இல்லாமல் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாது. பொறுப்புக் காப்பீட்டை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வைத்திருப்பவர்களிடமும் அதன் நிபந்தனைத் தாளை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் பறக்கும் பொருள்கள் எல்லாமே மொத்தமாக விலக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் 250 கிராம் வரை சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் 5 கிலோ வரை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் வரி ஒன்று: தனிப்பட்ட பொழுதுபோக்குக்கு மட்டும். சங்கத்தின் ஆண்டு விழாவைப் படமெடுத்து, ஸ்பான்சர் பெயர்களோடு முகநூலில் போடுவது தனிப்பட்ட பொழுதுபோக்கா? விபத்துக்கு முன்னால் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால் ஒரு மின்னஞ்சலில் பதில் கிடைத்துவிடும். விபத்துக்குப் பிறகு கேட்டால் வேறு மாதிரி பதில் கிடைக்கும். இன்னொன்று, காப்பீடு இருந்தால் மட்டும் போதாது. அதற்கான உறுதிச் சான்றைப் பறக்கவிடும் இடத்தில் கையோடு வைத்திருக்க வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒரு பொங்கல் விழாவைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்தச் சங்கம் என்பது வேண்டாம். ஜனவரிக் குளிர். வாடகை மண்டபத்தின் பின்னால் சிறிய முற்றம், அதை ஒட்டி வண்டி நிறுத்துமிடம், அதற்கு அப்பால் அடுக்குமாடி வீடுகள். முற்றத்தில் கேஸ் அடுப்பில் பானை ஏற்றி, சுற்றி ஒரு பெரும் கூட்டம். குழந்தைகள் பானைக்கு மிக அருகில். அவர்கள் தலைக்கு நேர் மேலே ட்ரோன். "கொஞ்சம் கீழே இறக்கு தம்பி, முகமே தெரியலையாம்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "பொங்குற நேரம், அங்கேயே நிறுத்து" என்றார். குளிரில் லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று விழும். திரையில் பாதி இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ட்ரோன் தானாகத் தரையிறங்கத் தொடங்கிவிடும். அன்றும் அதுதான் நடந்தது. அந்தப் பையன் வியர்த்துப்போய், அதைத் தள்ளித் தள்ளிக் கூட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இரண்டு கார்களுக்கு நடுவே இறக்கினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பால்கனியில் நின்றிருந்த ஒரு அம்மையார் கீழே இறங்கி வந்து, இதற்கு யார் பொறுப்பு என்று அமைதியாகக் கேட்டார். பட்டு வேட்டியில் நின்றிருந்த நிர்வாகிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வைதான் இந்த மடலை எழுத வைத்தது.

அந்த அம்மையார் போலீஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர்கள் கேட்டிருக்கக்கூடியவை மூன்று: இயக்குநர் பதிவு எண், தேவைப்படும் ட்ரோனாக இருந்தால் பறக்கவிடுபவரின் தகுதிச் சான்று, காப்பீட்டுச் சான்று. முதலாவதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. ட்ரோன் நிறுவனத்தின் செயலியில் கணக்குத் தொடங்குவதைப் பதிவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. பதிவு செய்ய வேண்டியது பிரவுன்ஷ்வைக்கில் இருக்கும் கூட்டாட்சி விமானத் துறையான லுஃப்ட்ஃபார்ட் புண்டஸ்அம்ட்டில். 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் கேமரா இருந்தால் பதிவு வேண்டும். கேமரா இல்லாத ட்ரோனை விழாவுக்கு யாரும் கொண்டு வருவதில்லை. பதிவாவது ட்ரோன் இல்லை, அதை இயக்கும் ஆளோ அமைப்போதான். டி.இ.யு. என்று தொடங்கும் எண் ஒன்று கிடைக்கும். அதை எல்லா ட்ரோன்களிலும் ஒட்ட வேண்டும். கடைசியில் வரும் மூன்று எழுத்துகள் ரகசியம், அவற்றை ஒட்டக் கூடாது. இந்த விதிகள் 2020 டிசம்பர் 31 முதல் ஒன்றியம் முழுக்க ஒரே மாதிரி நடைமுறையில் இருக்கின்றன.

தகுதிச் சான்று சிரமமான காரியமில்லை. ஏ1/ஏ3 என்ற அடிப்படைத் தேர்வு இணையத்திலேயே நடக்கிறது. 40 கேள்விகள், நான்கில் மூன்று பங்கு சரியாக இருந்தால் தேர்ச்சி, ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 250 கிராமுக்குக் கீழான சி0 வகை ட்ரோனுக்கு அது கட்டாயமும் இல்லை. ஆனாலும் சங்கம் சார்பில் பறக்கவிடுபவர் அதை எழுதியிருக்க வேண்டும் என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளலாம் என்பேன். படித்துவிட்டு வந்தவனுக்குத்தான் எப்போது முடியாது என்று சொல்லத் தெரியும்.

வெளிநாட்டவராக வாழ்கிற நமக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நெதர்லாந்தில் படித்து அங்கேயே பதிவு வாங்கிய பெண், வேலைக்காக மூனிக் வந்து குடியேறிவிட்டால் பதிவை இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவு இருக்கக் கூடாது. எங்கே வசிக்கிறோமோ அங்கேதான். தகுதிச் சான்று மட்டும் ஒன்றியம் முழுக்கச் செல்லும், அதைத் திரும்ப எழுத வேண்டாம். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் தம்பி தன் ட்ரோனைத் தூக்கிக்கொண்டு வந்தால், ஒன்றியத்தில் முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறாரோ அங்கே பதிவு செய்ய வேண்டும். இங்கே என்றால் காப்பீடும் சேர்த்துத்தான். சுற்றுலாப் பயணி என்று சலுகை கிடையாது.

அப்புறம் விசா. ட்ரோன் அபராதத்தால் விசா போய்விடும் என்று பயமுறுத்த விரும்பவில்லை. சாதாரண அபராதம் நிர்வாக விதிமீறல்தான், குற்றத் தண்டனை இல்லை. ஆனால் அபராதத் தொகையே சின்னதாக இருக்க வேண்டும் என்பதில்லை, சட்டத்தின் உச்சவரம்பு 50,000 யூரோ வரை போகிறது. விஷயம் குற்றவியல் விசாரணையாக மாறினால் இன்னொரு கதவும் அடைபடும். உதாரணமாக, வேலி போட்டு மறைத்த தோட்டத்திலோ வீட்டுக்குள்ளோ இருக்கும் ஒருவரை அனுமதியில்லாமல் படமெடுத்து அவருடைய அந்தரங்கத்தைக் குலைப்பது குற்றவியல் சட்டத்தின் 201ஏ பிரிவில் வருகிறது, இரண்டு ஆண்டு வரை சிறை என்று அங்கே எழுதியிருக்கிறது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பவர் மீது விசாரணை நடந்தால், அது முடியும் வரை விண்ணப்பம் அப்படியே நிற்கும். வருடக் கணக்கில் காத்திருந்து கோப்பு நகரத் தொடங்கும் நேரத்தில் இப்படி ஒரு முட்டுக்கட்டை விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நீங்களும் அந்த வரிசையில் நின்றவர்கள்தானே.

சூழலும் முன்னைப் போல இல்லை. 2025 அக்டோபர் தொடக்கத்தில் ட்ரோன் தெரிந்ததால் மூனிக் விமான நிலையத்தை அடுத்தடுத்த இரவுகளில் நிறுத்த வேண்டி வந்தது. அதிலிருந்து வானத்தில் எது சத்தம் போட்டாலும் மக்கள் தலை தூக்கிப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். வேட்டி சேலையில் கூடியிருக்கும் ஒரு கூட்டத்தின் மேலே பறக்கும் ட்ரோனைப் பார்த்து அக்கம்பக்கத்தவர் என்ன நினைப்பார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். சாதாரணப் பதிவோடு பறக்கவிடும் 'திறந்த' வகையில், நெருக்கமாகக் கூடியிருக்கும் மக்களுக்கு மேலே எந்த ட்ரோனும் பறக்கக் கூடாது. 249 கிராமும் கூடாது. இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கும் வழி மைக்கில் அறிவிப்பது: "ட்ரோன் வருது, எல்லாரும் மேலே பார்த்துக் கையசைங்க!" கையசைத்தால் சம்மதம் என்று ஆகிவிடாது. ஒவ்வொருவரும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஆபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கமும் பெற்றிருந்தால்தான் அவர்களை அந்தப் பறப்பில் பங்கேற்பவர்களாகக் கருதலாம். பார்வையாளர்கள் அப்படி ஆக முடியாது. கூட்டத்துக்கு மேலே பறந்தே ஆக வேண்டும் என்றால் 'சிறப்பு' வகையில் தனி அனுமதி வாங்க வேண்டும், அது தொழில்முறை நிறுவனங்களுக்கே நேரம் பிடிக்கிற வேலை.

இடம் அடுத்த சிக்கல். ஹம் நகரின் ஊன்ட்ராப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். 2002இல் குடமுழுக்கு கண்ட அந்தக் கோபுரத்தையும் தேரையும் மேலிருந்து எடுக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கோயில் இருப்பது தொழிற்பேட்டைக்குள். தீர்த்தமாடும் டாட்டெல்ன்-ஹம் கால்வாய் கூட்டாட்சி நீர்வழி. அந்த வட்டாரம் வழியாக ஏ2 நெடுஞ்சாலையும் போகிறது. நீர்வழி, நெடுஞ்சாலை, ரயில் பாதை, தொழிற்சாலை, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து பக்கவாட்டில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது வான்வழி ஒழுங்குமுறையின் 21எச் பிரிவு. சாலைக்கும் நீர்வழிக்கும் சில விலக்குகள் உண்டு, எவ்வளவு உயரத்தில் பறக்கிறதோ அதைவிட அதிகத் தூரம் பக்கவாட்டில் இருப்பது போல. தொழிற்சாலை என்றால் சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் தேவை. கோயிலை உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன், நம் சங்கங்கள் வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களும் வாடகை குறைவு என்பதற்காகத் தண்டவாளத்தை ஒட்டியோ தொழிற்பேட்டையிலோதான் இருக்கின்றன. 'டிப்புல்' என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் முகவரியைப் போட்டால் அங்கே என்னென்ன தடை என்று நிறம் நிறமாகக் காட்டும். மண்டபம் முன்பதிவு செய்யும்போதே அதைப் பார்த்துவிடலாம். வீடுகளின் மனைகளுக்கு மேலேயும் பொதுவாகப் பறக்க முடியாது. கிளம்பி இறங்குகிற நிலத்துக்குச் சொந்தக்காரரின் ஒப்புதலும் வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் ட்ரோனே கூடாதா? கூடும். வாசலில் கோலம் போட்டு முடித்ததும், கூட்டம் வருவதற்கு முன்னால், வெறும் முற்றத்தை எடுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு, தள்ளியிருக்கும் வெற்று நிலத்துக்கு மேலே நிறுத்தி கேமராவைச் சாய்த்து எடுங்கள். உண்மையைச் சொன்னால் அந்தச் சாய்வான காட்சிதான் அழகாகவும் இருக்கும். நேர் மேலேயிருந்து எடுத்த படத்தில் உச்சந்தலைகளைத் தவிர வேறென்ன தெரிகிறது?

இனி சங்கம் என்ன செய்யலாம் என்பது. உங்களில் பலர் பதிவு பெற்ற அமைப்பாக, பெயருக்குப் பின்னால் இ.ஃபாவ். போட்டுக்கொண்டு இயங்குகிறீர்கள். அப்படி இருந்தால் சங்கமே சட்டப்படி ஒரு ட்ரோன் இயக்குநராகப் பதிவு செய்யலாம், கட்டணம் சிறியதுதான். சங்கத்துக்கென்று ஒரு சின்ன ட்ரோன் வாங்கிவிடுவது இன்னும் நல்லது, யாருடைய பொருள் என்ற கேள்வியே வராது. காப்பீட்டுக்கு, சங்கத்தின் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கே எழுதுங்கள். எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: பொது நிகழ்ச்சியில் படமெடுப்பது சேருமா, தவறு இல்லாமல் எழும் பொறுப்பும் அடங்குமா, தன்னார்வலர் யார் பறக்கவிட்டாலும் செல்லுமா, தொகை சட்டம் கேட்கும் அளவை எட்டுகிறதா. இல்லை என்றால் ட்ரோனுக்கென்றே தனி ஒப்பந்தம் கிடைக்கிறது. தனியாகப் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் இளைஞர்களுக்கு மாதிரி விமான ஆர்வலர் சங்கங்களில் சேர்வதும் ஒரு வழி. டி.எம்.எஃப்.வி. போன்றவற்றின் உறுப்பினர் கட்டணத்திலேயே காப்பீடு அடங்கியிருக்கிறது. ஆனால் உங்கள் விழாவுக்கு அது செல்லும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

புகைப்படக்காரரைக் காசு கொடுத்து அமர்த்தினால் அவருடைய மூன்று காகிதங்களையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்குங்கள்.

பறப்பது குறித்த கடைசிச் சொல் பறக்கவிடுபவருடையது என்பதையும் உங்கள் நிர்வாகக் குழு எழுதி வைக்க வேண்டும். காற்று, குளிர், கூட்டம் எதைக் காரணம் காட்டி அவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றாலும் அதற்கு மேல் தலைவரோ ஸ்பான்சரோ வற்புறுத்தக் கூடாது.

கடைசியாக, சிலர் கோடையில் ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் "நம்ம ஊர்த் திருவிழாவை எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். வெளிநாட்டிலிருந்து ட்ரோன் இறக்குமதி செய்வதை 2022 பிப்ரவரி 9 முதல் இந்தியா தடை செய்திருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. பெட்டியில் ட்ரோன் இருந்தால் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும், சொன்னால் அங்கேயே நிற்கும். அங்கே பறக்கவிட 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் தனியாக இருக்கின்றன, 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் கேட்கிறார்கள். திருவிழாவை எடுக்க வேண்டும் என்றால் உள்ளூரில் ட்ரோன் வைத்திருக்கும் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கும் பிழைப்பு நடக்கும்.

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிவுப் படிவத்தை ஜெர்மனில் நிரப்ப ஆள் தேவைப்படும் சங்கத்துக்கு நான் வந்து உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய கேள்விகளையும் எழுதித் தருகிறேன். அதுவரை குழுவில் யாராவது ட்ரோன் கேட்டால், "சங்கத்துக்குப் பதிவு வந்ததும் பார்க்கலாம்" என்று பொறுப்பாளர் ஒருவரே பதில் போட்டுவிடுங்கள். தம்பி கை தூக்குவதற்கு முன்னால்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்